சந்திரமதி தன் அம்மாவுக்கு எழுதிய பாரம்

சந்திரமதி டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்கு மண்டபம் பிடித்து விழா வைத்தார்கள். படிக்க வைத்ததைப் பேசினார்கள், கண்டித்ததைப் பேசினார்கள், மழையில் நனைந்துகொண்டு அவள் பிள்ளைகளின் வீடு வீடாகப் போனதைப் பேசினார்கள். மலாக்கா காஜா பெராங்கில் ராவுத்தர் கடை முன்னால் அவள் போட்டிருந்த மேசையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. பேசினவர்கள் அப்போது பிறந்திருக்கவில்லை, பிறந்திருந்தாலும் தொட்டிலில் கிடந்திருப்பார்கள். எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

சந்திரமதியின் அப்பா கலியாணசுந்தரமும் என் அப்பாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். சித்தப்பா இளையவர். பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவரை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனான். போனவர் வரவில்லை. சின்னம்மா எட்டு வயது சந்திராவைக் கையில் பிடித்துக்கொண்டு மலாக்கா டவுனுக்கு வந்து, முனிசிபலில் சடக்கு, அதாவது தெரு, கூட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். காஜா பெராங்கில் முனிசிபல் ஆட்களுக்கு வரிசை வீடாக ஒரு லயம் இருந்தது. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அங்கே இருமினால் இங்கே கேட்கும்.

சின்னம்மா காலையில் கூட்டும் சடக்கில் கிறிஸ்தவக் கன்னிமார் நடத்திய பள்ளிக்கூடம் இருந்தது. பிள்ளை வெயிலில் அம்மா பின்னாலேயே நடப்பதைப் பார்த்து உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவள் படித்தாள். படித்துக்கொண்டே போய், கடைசியில் அவர்களே திருச்சியில் அவர்கள் சபை நடத்திய கல்லூரிக்குக் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். மதம் மாற்றிவிடுவார்கள் என்று லயமே சொன்னது. நாலு வருஷம் கழித்து அவள் திருநீறு பூசிக்கொண்டுதான் வந்து இறங்கினாள். பி.ஏ. பட்டம் ஒரு குழாயில் இருந்தது. இன்னொன்றும் கொண்டுவந்தாள், ஒரு சின்ன அட்டை. அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். பட்டம் வாங்குவதற்கு முந்தின சாயங்காலம் எல்லாப் பெண்களும், எந்தச் சாமி கும்பிடுகிறவளாக இருந்தாலும், தேவாலயத்தில் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று ஒரு சத்தியம் சொல்ல வேண்டும். சொன்னதைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ‘கற்றதைப் பிறருக்குக் கொடுப்பேன். அறிந்து எந்தப் பொய்யிலும் என் கையெழுத்தை வைக்க மாட்டேன்.’ இரண்டே வரி. எனக்கு வாசித்துக் காட்டினாள்.

அது ஐம்பத்தேழாம் வருஷம், ஜூன் மாதம். வந்தவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு லய வாசலில் நடப்பாள்.

“உட்காரு டீ. நாலு வருஷம் கழிச்சு வந்திருக்கே, உன் முகத்த நேரா பாக்க வேணாமா? நடக்கிறவ முகத்த எப்படிப் பாக்கறது?” என்பாள் சின்னம்மா.

“பாத்துக்கங்க” என்று ஒரு நிமிஷம் நிற்பாள். திரும்பவும் நடை.

காலையில் கன்னிமார் பள்ளியிலேயே தற்காலிக டீச்சர் வேலை கிடைத்தது. அது போதவில்லை அவளுக்கு. சத்தியத்தில் முதல் வரி உறுத்திக்கொண்டே இருந்தது. “இங்கே பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்க நான் இல்லாட்டி இன்னொருத்தி இருக்கா அக்கா. நான் படிச்சது யாருக்கு இல்லாம இருக்கோ அவங்களுக்கு என்ன பண்ணினேன்?” என்று என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பதில் ஆகஸ்ட் கடைசியில் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்தபோது கிடைத்தது. கொடி ஏற்றியாயிற்று, பட்டாசு வெடித்தாயிற்று. அடுத்த வாரமே லயத்தில் ஒரே கிலி. இந்தியாவில் பிறந்தவர்கள் பிரஜாவுரிமைக்கு மனுப் போட வேண்டுமாம். ஒரு வருஷத்துக்குள் போட்டால் லேசாம், விட்டால் வயசானவர்கள்கூட மலாய் பரீட்சை எழுத வேண்டுமாம், போடாதவர்களைக் கப்பல் ஏற்றிவிடுவார்களாம். எது நிஜம், எது கதை என்று யாருக்குத் தெரியும்? மனு எழுதுகிற அச்சுத்தாள், பாரம், இங்கிலீஷில் இருந்தது. எழுதிக் கொடுக்க டவுனில் ஆட்கள் இருந்தார்கள், கேட்கிற கூலியைக் கேட்டால் லயத்து ஆள் மயங்கி விழுவான்.

சந்திரா நேராக ஷரீஃபுதீன் ராவுத்தர் கடைக்குப் போனாள். காஜா பெராங் சடக்கு ஓரத்தில் மளிகையும் கோப்பியும் விற்கிற கடை. முன்னால் கூரை போட்ட அஞ்சடி நடைபாதை.

“ராவுத்தர் மாமா, இந்த இடத்துல சாயங்காலம் ஒரு மேசை போட்டுக்கவா?”

“ஏம்மா பி.ஏ., என் கடை வாசல்ல கச்சேரி வைக்கப் போறியா?”

“பாரம் எழுதப் போறேன். கூலி வாங்க மாட்டேன்.”

“வர்றவன் ஒரு கோப்பி குடிச்சா எனக்கு நட்டமில்ல. போட்டுக்க.”

“குடிக்காட்டி?”

“நீ குடி. நின்னுகிட்டே குடி, உனக்குத்தான் உட்காரத் தெரியாதே.”

அப்படி ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேசை. லயத்து ஆட்கள், தோட்டத்து ஆட்கள், உஜோங் பாசிர் பக்கத்திலிருந்துகூட சைக்கிளில் வந்தார்கள். ஒருத்தர் பாரத்தை எழுதும்போதே அடுத்தவர் ஐசியை, அடையாளக் கார்டை, வாங்கிப் பார்ப்பாள், பேனாவை மூடாமல் எழுந்து நடப்பாள், திரும்பி வந்து எழுதுவாள். மேசையில் உட்காரும்போதே எல்லாரிடமும் ஒன்று சொல்லிவிடுவாள்: “உள்ளத உள்ளபடி சொல்லுங்க. பொய் எழுத மாட்டேன். எழுதறவ பேருன்னு அடியில என் கையெழுத்தும் இருக்கு.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதில்தான் வினை இருந்தது.

எங்கள் ஆட்கள் எப்படிக் கப்பலேறி வந்தார்கள் என்று திருச்சிக் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை. கங்காணி ஊருக்கு வந்து பேர் எழுதிக்கொண்டு போவார். எழுதின பேருக்குத்தான் சீட்டு. கப்பல் நாளுக்குள் ஒருத்தன் காய்ச்சலில் படுப்பான், ஒருத்தன் பயந்து ஓடுவான், ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிடும். சீட்டை வீணாக்க முடியுமா? தம்பி அண்ணன் பேரில் ஏறுவான், மச்சான் மச்சான் பேரில் ஏறுவான். தோட்டத்து ஆள் கணக்கில், செக்ரோலில், அந்தப் பேர்தான். பிறகு ஐசி எடுத்தபோதும் அதே பேர். யாரும் அதை ஏமாற்று என்று நினைக்கவில்லை. கை வேலை செய்தது, பேர் கூலி வாங்கியது, அவ்வளவுதான்.

லயத்தில் நடராஜன் என்று ஒருத்தர். முனிசிபல் குப்பை லோரி ஆள், வாய் கொஞ்சம் அதிகம். அவர் மேசைக்கு வந்து, உள்ளதை உள்ளபடி சொல்லச் சொன்னாளே என்று, “டீச்சர், நடராஜன் என் அக்கா புருஷன். அவர் வரல, அவர் சீட்டுல நான் வந்தேன். அம்மா வச்ச பேரு சேதுபதி” என்று சொல்லிவிட்டார். சந்திரா ‘சேதுபதி’ என்றே எழுதி, கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டாள்.

மூன்று மாதத்தில் திரும்பி வந்தது. சேதுபதி என்று ஒருத்தர் இந்த நாட்டில் வேலை செய்ததாக எந்தப் பதிவும் இல்லையாம். அது போகட்டும், நடராஜன் என்கிற ஐசி இவரிடம் எப்படி வந்தது என்று விசாரிக்கப் போலீஸ்காரர் ஒருவர் லயத்துக்கே வந்துவிட்டார். அது காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம். ஐசி விஷயத்தில் விளையாட முடியாது. நடராஜனை இரண்டு முறை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் மேசைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நானும் நின்றேன், உப்பு வாங்க வந்தவள். நடராஜன் வந்த வேகத்தில் அந்தத் தாளை மேசைமேல் விட்டெறிந்தார்.

“எடுத்துக்க, பி.ஏ. அம்மா! முப்பது வருசம் ஒழுங்கா நடராஜனா இருந்தேன். நீ என்னைச் சேதுபதி ஆக்கின, இப்ப நான் ரெண்டுமில்ல!”

“அண்ணே, நீங்கதான் உண்மைய…”

“சொன்னேன்! என் புத்திய செருப்பால அடிக்கணும். உண்மை, உண்மைன்னு குதிக்கிறியே, உங்கம்மா பாரத்த எழுதிட்டியா?”

“அம்மா இன்னும் கொண்டு வரல.”

“ஏன் கொண்டு வரலன்னு கேட்டியா? ஒரே கப்பல்ல வந்தவன் சொல்றேன். போய் உங்கம்மா பேரு என்னன்னு கேளு!”

ராவுத்தர் உள்ளேயிருந்து ஓடி வந்து, “நடராஜா, போதும். வா, கோப்பி குடி” என்று தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சந்திரா என்னைப் பார்த்தாள். நான் உப்புப் பொட்டலத்தைப் பார்த்தேன். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“உனக்குத் தெரியுமா அக்கா?”

“பழைய ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். எங்கப்பா சொல்லித்தான் எனக்கும்.”

மேசையை அப்படியே போட்டுவிட்டு நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். சின்னம்மா அடுப்பில் கருவாட்டைப் போட்டிருந்தாள். சந்திரா வாசற்படியில் நின்றபடியே கேட்டாள்.

“அம்மா, உங்க பேரு என்ன?”

சின்னம்மா திரும்பவில்லை. கருவாட்டைப் புரட்டினாள். “பூங்காவனம்” என்றாள்.

ஐசியில் அவள் பேர் கமலவேணி. சந்திராவின் பள்ளிக்கூடப் புத்தகத்தில், கல்லூரிப் பாரத்தில், எல்லாவற்றிலும் தாயார் பேர் கமலவேணி. அந்தக் கமலவேணி, சின்னம்மாவின் அக்கா. கங்காணி எழுதிக்கொண்டு போனது அக்கா பேரைத்தான். கப்பலுக்கு நாலு நாள் இருக்கும்போது அக்கா காய்ச்சலில் விழுந்தாள். அப்பன் இளையவளைக் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டார். அப்போது இவளுக்குப் பதினைந்து வயது.

“அக்கா தேறி வந்ததும் பேர மாத்திக்கலாம்னு அப்பா சொன்னாரு. ஒரு மாசம் கழிச்சு ஊர்லேருந்து கடுதாசி வந்துச்சு. அக்கா போயிட்டா. மறுநாள் காலையில பெரட்டுல நிக்கிறேன். கங்காணி வரிசையா பேர் கூப்பிடறாரு. ‘கமலவேணி!’ங்கறாரு. நான் என்ன சொல்றது? ‘இருக்கேங்க’ன்னேன்.”

அதைச் சொல்லும்போதுகூட அழவில்லை. சட்டியை இறக்கி வைத்தாள்.

“ஏம்மா எனக்குச் சொல்லல?”

“நீ சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கே. அந்த அட்டைய எனக்கு வாசிச்சுக் காட்டினியே. நான் சொன்னா நீ என்ன பண்ணுவே? கமலவேணின்னு எழுதினா உன் சத்தியம் போச்சு. பூங்காவனம்னு எழுதினா நான் போனேன். அதான் பேசாம இருந்தேன். நான் பாரமே போடல, விடு.”

“போடாம எப்படிம்மா? கப்பல் ஏத்திடுவாங்கன்னு நீங்கதானே பயப்படறீங்க?”

“ஊர்ல எனக்கு யார் இருக்கா? உங்கப்பா வந்தாலும் இங்கதான் தேடி வருவாரு.” பதினைந்து வருஷம் ஆகிவிட்டது, அப்போதும் இப்படித்தான் சொல்வாள். “ஆனா உன் கையால பொய் வேணாம். வேற ஆள்கிட்ட எழுதிக்கறேன். கமலவேணின்னே எழுதிக்கறேன். யாருக்குத் தெரியப் போவுது?”

சந்திரா வெளியே போய்விட்டாள். அம்மா வேறு யாரிடமோ போய்ப் பொய் எழுதினால், மகள் மேசையில் உட்கார்ந்து மற்றவர்களிடம் எப்படி உண்மையைக் கேட்பாள்? உண்மையை எழுதினால் நடராஜன் கதை அம்மாவுக்கும். நாலு நாள் மேசை போடவில்லை. பள்ளிக்கூடம் போய் வந்து, சிட்டி கம்பத்துக் கோயில் வரைக்கும் நடப்பாள், திரும்புவாள், மறுபடி நடப்பாள். பார்க்கிறவர்கள், “டீச்சர் எதையோ தொலைச்சிட்டாங்க போல” என்றார்கள்.

ஐந்தாம் நாள் நடந்துகொண்டே போய் பிரஜாவுரிமை ஆபீசுக்குள் நுழைந்துவிட்டாள். துணைக்கு நானும் போனேன். அங்கே ராஜரத்தினம் என்று ஒரு கிராணி, குமாஸ்தா, இருந்தார். நம் காஜா பெராங் சிட்டி கம்பத்துக்காரர், பல தலைமுறைக்கு முன்னாலேயே மலாக்காவுக்கு வந்துவிட்ட தமிழர் வம்சம். நெற்றி நிறைய திருநீறு, வாயைத் திறந்தால் மலாய். தமிழில் ‘வாங்க’ என்பதற்கு மேல் அவருக்கு வராது. சந்திரா மலாயிலேயே கேட்டாள், “ஒருத்தருக்கு இரண்டு பேர் இருந்தால் பாரத்தில் எங்கே எழுதுவது?”

அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “இரண்டையும் எழுதலாம். சீனர்களில் நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஆனால் ஏன் இரண்டு என்று கோர்ட்டில் சத்தியக் கடுதாசி எழுதி இணைக்க வேண்டும். சாட்சி வேண்டும், இந்த ஆள் அந்தப் பேரில் வந்ததைக் கண்ணால் பார்த்த சாட்சி.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: “ஒன்று தெரிந்துகொள். அதைக் கொடுத்தால், இத்தனை வருஷம் வேறு பேரில் இருந்ததாக நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அதிகாரி இரக்கம் காட்டலாம். போலீசுக்கும் அனுப்பலாம். இந்த ஆபீசில் இதுவரை எந்தத் தமிழரும் அப்படிக் கொடுத்ததில்லை.”

வெளியே வந்ததும், “முதல்ல நடராஜன் அண்ணனுக்குப் போட்டுப் பாக்கலாமே. அவருக்கு ஏற்கெனவே சிக்கல். இதுக்கு மேல என்ன ஆகப் போவுது?” என்றேன்.

“இல்லக்கா. ஒரு தடவை அவர வச்சுப் பாத்துட்டேன். முதல்ல எங்கம்மா.”

சாட்சிக்கு ஆள் வேண்டுமே. சின்னம்மாவின் அப்பா எப்போதோ செத்துப்போனார். என் அப்பாவும் சித்தப்பாவும் வந்தது வேறு கப்பல். அந்தக் கப்பலில் வந்து மலாக்காவில் உயிரோடு இருந்தவர் ஒரே ஒருத்தர், நடராஜன்.

அவர் லய வாசலில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு. சந்திரா போய் நின்றாள். முதலில் மன்னிப்புக் கேட்டாள். “தெரியாம எழுதிட்டேன்ணே. விசாரிச்சிருக்கணும்.” பிறகு சாட்சி விஷயத்தைச் சொன்னாள்.

“நல்லாருக்கு! என்னைக் கெடுத்துட்டு இப்ப உங்கம்மாவுக்கு நான் சாட்சியா? எந்தப் பேர்ல கையெழுத்துப் போட? சேதுபதின்னா? அப்படி ஒருத்தன் இந்த நாட்லயே இல்லன்னு உன் ஆபீஸ் எழுதியிருக்கு.”

“ரெண்டு பேரையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நீங்க அம்மாவுக்குச் சாட்சி, அம்மா உங்களுக்குச் சாட்சி. உங்க கடுதாசியும் சேத்துத்தான் எழுதப் போறேன்.”

“பிடிச்சா ரெண்டு பேரையும் சேத்துப் பிடிப்பான்.”

“ஆமா” என்றாள் சந்திரா. மழுப்பவில்லை.

கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, சோப்பு முகத்தோடு பலகைச் சுவர் பக்கம் திரும்பிக் கத்தினார். “ஏய், கமலம்! உன் மக என்னை ஜெயிலுக்குக் கூப்பிடறா. நீ வர்றியா?”

உள்ளேயிருந்து சின்னம்மா, “நான் தனியா போவ மாட்டேன். நீ வந்தா வர்றேன்” என்றாள்.

கோர்ட்டில் இரண்டு சத்தியக் கடுதாசியும் முடிந்து, பாரத்தோடு இணைத்துக் கொடுத்தபோது மார்ச் மாதம். எழுதியவர் பேர் என்ற இடத்தில் சந்திரா நிறுத்தி நிதானமாகக் கையெழுத்து வைத்தாள். அவள் நிதானமாக ஒன்றைச் செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு மூன்று மாதம் ஒரு சத்தமும் இல்லை. லயத்துக்குள் காக்கிச் சட்டை எது வந்தாலும் சின்னம்மா கூட்டுமாறைக் கீழே போட்டுவிடுவாள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் சந்திரா வாசலுக்குப் பாய்வாள். மேசையைத் திரும்பப் போட்டாள், ஆனால் இரண்டு பேர் உள்ளவர்கள் யாரும் வரவில்லை. தள்ளி நின்று பார்த்தார்கள். கமலத்துக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு வரலாம் என்றிருந்தார்கள். கெடு முடிய மூன்று மாதம்கூட இல்லை.

ஜூன் கடைசியில் சின்னம்மாவை நேரில் கூப்பிட்டார்கள். அதிகாரி மலாய்க்காரர், நடு வயது. மகள் கூட நிற்கலாம், பேசக் கூடாது என்றார். பேசாமல் நிற்க வேண்டும், அதுவும் சந்திரா. நினைத்துப் பாருங்கள். அவள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றதை நான் கதவோரத்திலிருந்து பார்த்தேன்.

“சியாப்பா நாமா?” பேர் என்ன என்றார் அதிகாரி.

சின்னம்மாவுக்கு எந்த ஆபீசிலும் கேட்டதும் கமலவேணி என்று வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. சடக்கில், பாசாரில் கற்றுக்கொண்ட மலாய்தான் அவளுடையது. அதில் சொன்னாள்:

“டுவா நாமா, துவான். சத்து காக்கா பூஞா, சத்து சாயா பூஞா.”

இரண்டு பேர், ஐயா. ஒன்று அக்காவுடையது, ஒன்று என்னுடையது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “அக்கா எங்கே?”

“செத்துப்போச்சு.”

“அப்படியென்றால் இத்தனை வருஷம் இங்கே வேலை செய்தது யார்? அக்காவா, நீயா?”

சின்னம்மா இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்தாள். பால் வெட்டிய கை, சடக்கு கூட்டிய கை. “சாயா, துவான்” என்றாள். நான்தான், ஐயா.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். சத்தியக் கடுதாசியைப் பார்த்தார். அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்துவிட்டு, சந்திராவிடம், “இது நீயா எழுதியது?” என்றார். அவள் தலையை ஆட்டினாள். “போங்கள், தபாலில் வரும்” என்றார். எது வரும் என்று சொல்லவில்லை.

அதன் பிறகான ஐந்து வாரத்தில் சந்திராவின் செருப்பு ஒன்று தேய்ந்து அறுந்தது. ஆகஸ்ட் முதல் வாரம் தபால் வந்தது. தாளில் அரசாங்க முத்திரை இருந்தது. சந்திரா வாசலிலேயே நின்று வாசித்தாள். கமலவேணி என்கிற பூங்காவனம், பிரஜை.

“எந்தப் பேர முன்னால போட்டிருக்கான்?” என்று கேட்டாள் சின்னம்மா.

“பெரியம்மா பேரத்தான்.”

“அப்ப சரி. அவதான் மூத்தவ.” தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

நடராஜனுக்கு நாலு நாள் கழித்து வந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு லயம் முழுக்க வீடு வீடாகப் போய்க் காட்டினார். ஸ்டேஷன் வாசலிலும் ஒரு நடை நடந்தாராம்.

கெடு முடிய மூன்று வாரம். மறுநாள் சாயங்காலம் ராவுத்தர் கடை முன்னால் வரிசை சடக்கு வரைக்கும் நின்றது. பாதிப் பேர் அதுவரை தள்ளி நின்றவர்கள். யார் யாருடன் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று என்னையும் என் அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினாள் சந்திரா. வரிசையில் முதலில் நின்றது பத்து பெரெண்டாம் தோட்டத்துக் கிழவர் ஒருத்தர். பயந்து பயந்து ஐசியை நீட்டினார்.

“உங்களுக்கும் ரெண்டு பேராய்யா?” என்றாள்.

“மூணு, டீச்சர்” என்றார்.

சந்திரா பேனாவைத் திறந்தாள்.